சிறு பிள்ளைக்குச் செலவிட வேண்டியவர் யார்?
பாலர் பள்ளி முதல் அங்கன்வாடி வரை: ஒரு வரலாற்று நோக்கு

திருச்சபையின் கல்விப் பணியைக் குறித்து எழுதப்பட்ட வரலாறுகள் பெரும்பாலும் உயர்நிலைப் பள்ளிகளையும் கல்லூரிகளையும் பற்றியே விரிவாகப் பேசுகின்றன. பள்ளிக்குச் செல்லும் வயதை எட்டாத குழந்தைகளைப் பற்றிய குறிப்புகள் அவற்றில் அரிதாகவே காணப்படுகின்றன. அரசாங்கங்களின் வரவு செலவுக் கணக்குகளிலும் இந்நிலையே நெடுங்காலம் நிலவிற்று. ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளை தாயின் பொறுப்பு என்றும், தாய் இயலாதவளாயின் தருமத்தின் பொறுப்பு என்றும் கருதப்பட்டதேயன்றி, நாட்டின் கருவூலத்திற்கு அப்பிள்ளையின்மேல் கடமை உண்டு என்ற எண்ணம் மிகப் பிற்காலத்திலேயே உருவாயிற்று. அவ்வெண்ணம் எவ்வாறு உருவாயிற்று, அது எங்கே முழுமை பெறாமல் நின்றுவிட்டது என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம். பொதுப் பணம் குழந்தைக்குச் சென்றதா என்ற கேள்வியோடு, குழந்தையைக் கவனித்த பெண்ணுக்குச் சென்றதா என்ற கேள்வியையும் சேர்த்தே எழுப்பவேண்டும் என்பது நம் கருத்து.

1. போதகரின் மனையும் கூலி வேண்டாத பெண்ணும்

சிறு பிள்ளைகளுக்கான பள்ளியின் வரலாற்றைத் தேடிச் செல்வோர் ஒரு லூத்தரன் போதகரின் மனையை வந்தடைகின்றனர். அல்சாஸ் பகுதியின் மலைச்சாரலில் பான் டி லா ரோஷ் என்னும் வறிய பள்ளத்தாக்கு உள்ளது. 1767-ஆம் ஆண்டில் ஜான் ஃபிரெடரிக் ஓபர்லின் அங்கு போதகராகப் பொறுப்பேற்றார். பெற்றோர் வயலில் உழைக்கும் நேரத்தில் குழந்தைகள் கேட்பாரற்று அலைந்தனர். சாரா பான்ஸே என்னும் இளம் பெண் தன் வீட்டிலேயே அண்டைவீட்டுப் பிள்ளைகளைக் கூட்டிப் பின்னல் வேலை கற்பித்து வருவதை ஓபர்லின் கண்டார். அம்முயற்சியைத் தம் ஊழியத்தின் பகுதியாக ஏற்று, 1770-ஆம் ஆண்டையொட்டிப் பல சிற்றூர்களில் 'பின்னல் பள்ளிகள்' நடைபெற வழிசெய்தார். பின்னலோடு பாட்டும், செடிகொடிகளின் பெயர்களும், வேதாகமக் கதைகளும் அங்கே கற்பிக்கப்பட்டன.

இப்பள்ளிகளில் பணியாற்றிய பெண்களுள் லூயிஸ் ஷெப்ளர் புகழ்பெற்றவர். ஓபர்லினின் வீட்டுப் பணிப்பெண்ணாக இளவயதில் சேர்ந்த இவர், 1783-இல் போதகரின் மனைவி மறைந்தபின் அக்குடும்பத்தையும் பள்ளிகளையும் ஒருங்கே தாங்கினார். தமக்கு இனிக் கூலி தரவேண்டாம் என்றும், தம்மை வீட்டின் பிள்ளையாக ஏற்றுக்கொண்டால் போதும் என்றும் அவர் போதகரைக் கேட்டுக்கொண்டதாக வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. 1829-இல் பிரெஞ்சுக் கழகம் நற்செயலுக்கான மோன்தியோன் பரிசை அவருக்கு அளித்துச் சிறப்பித்தது.

லூயிஸின் தியாகம் போற்றத்தக்கது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒருவர் மனமுவந்து கூலியை விட்டுக்கொடுப்பது வேறு. அவ்விட்டுக்கொடுத்தலைப் பின்வந்தோர் ஒரு விதியாகவே கொள்வது வேறு. சிறு பிள்ளைகளைப் பேணுவது பெண்ணின் இயல்பான அன்புச் செயல், அதற்கு விலை பேசுதல் தகாது என்னும் எண்ணம் 19-ஆம் நூற்றாண்டின் கிறிஸ்தவத் தொண்டு இயக்கங்களில் வேரூன்றியது. ஜெர்மனியில் தியோடர் ஃபிளீட்னர் 1836-இல் கைசர்ஸ்வெர்த் நகரில் தொடங்கிய உதவிக்காரிகள் இல்லமும் பாலர் பள்ளிக்கு ஆசிரியைகளைப் பயிற்றுவித்தது. அவர்களுக்கு உணவும் உடையும் முதுமையில் அடைக்கலமும் உண்டு. ஊதியம் என்பது இல்லை. அன்றைய சூழலில் திருமணமாகாத பெண்ணுக்கு அது பாதுகாப்பான வாழ்வாகவே இருந்தது. எனினும் அரசு இப்பணியைக் கையேற்றபோது, அடைக்கலத்தை விட்டுவிட்டு ஊதியமின்மையை மட்டும் எடுத்துக்கொண்டது என்பதைப் பின்னர்க் காண்போம்.

2. அரசின் அச்சமும் அரசின் தேவையும்

சிறு பிள்ளைகளின் பள்ளியை அரசு முதன்முதலில் கூர்ந்து நோக்கியபோது அதற்குப் பணம் ஒதுக்கவில்லை, தடை விதித்தது. ஃபிரெடரிக் ஃபிரோபெல் ஒரு லூத்தரன் போதகரின் மகன். பிறந்த மறுவருடமே தாயை இழந்தவர். 1837-இல் பிளாங்கன்பர்க் என்னும் ஊரில் தாம் தொடங்கிய நிறுவனத்திற்கு 1840-இல் 'குழந்தைகளின் தோட்டம்' என்னும் பொருள்படக் 'கிண்டர்கார்ட்டன்' எனப் பெயரிட்டார். விளையாட்டின் வழியே கடவுளின் படைப்பொழுங்கைக் குழந்தை உணர்கிறது என்பது அவர் கொள்கை. ஆயினும் 1848-ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் எதிலும் ஐயங்கொண்ட பிரஷ்ய அரசு, 1851 ஆகஸ்டில் கிண்டர்கார்ட்டன்களை நாத்திகமும் சமதர்மமும் பரப்புவன எனக் கூறித் தடைசெய்தது. சமதர்மக் கருத்துடைய அவருடைய உறவினர் ஒருவரின் நூலும் இவர் பெயரோடு சேர்த்துக் குழப்பப்பட்டது. ஃபிரோபெல் மறு ஆண்டே மறைந்தார். தடை நீங்கியது 1860-இல். அவருடைய மாணவிகள் பலர் நாட்டைவிட்டு வெளியேறி இம்முறையைப் பிற தேசங்களில் பரப்பினர்.

இங்கிலாந்தில் கதை வேறு வகையாயிற்று. 1816-இல் ராபர்ட் ஓவன் ஸ்காட்லாந்தின் நியூ லானார்க் ஆலை வளாகத்தில் தொழிலாளரின் பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தார். ஒரு நூற்றாண்டு கழித்து, ரேச்சல், மார்கரெட் மக்மில்லன் சகோதரிகள் லண்டனின் டெப்ட்ஃபோர்ட் சேரியில் 1914-இல் திறந்தவெளிப் பாலர் பள்ளியை நடத்தினர். குளியலும் உணவும் உறக்கமும் அங்கே பாடத்திட்டத்தின் பகுதிகளாயின. இவர்களுடைய முயற்சியின் பயனாக 1918-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் உள்ளாட்சிகள் பாலர் பள்ளிகளை நடத்தலாம், உதவலாம் என்று அனுமதித்தது. 'நடத்தலாம்' என்றதேயன்றி 'நடத்தவேண்டும்' என்று சொல்லவில்லை. இவ்விரு சொற்களுக்குமிடையேயுள்ள தூரமே இத்துறையின் வரலாறு எனலாம். இரண்டாம் உலகப் போரில் ஆலைகளுக்குப் பெண்களின் உழைப்பு தேவைப்பட்டபோது, அதே அரசு தன் செலவிலேயே ஏறத்தாழ 1,500 போர்க்காலக் குழந்தைகள் காப்பகங்களைத் திறந்தது. போர் முடிந்ததும் மத்திய மானியம் குறைக்கப்பட்டது. பல காப்பகங்கள் மூடப்பட்டன. குழந்தைக்குத் தேவையிருந்தபோது 'இயலாது' என்ற கருவூலம், தனக்குத் தேவை நேர்ந்தபோது திறந்துகொண்டது.

3. இந்திய முற்றத்தில்

நம் நாட்டில் 1854-ஆம் ஆண்டின் உட் அறிக்கைக்குப் பின் மானிய முறை வந்தது. மிஷன் பள்ளிகள் அதனால் பெரும் பயன் பெற்றன. ஆனால் ஐந்து வயதுக்குட்பட்டோர் அவ்வேற்பாட்டில் தனியிடம் பெறவில்லை. அவர்களுக்கான முயற்சிகள் தனியாரின் ஆர்வத்தாலேயே எழுந்தன. வழக்கறிஞராயிருந்த கிஜுபாய் பதேகா 1920-இல் குஜராத்தின் பாவ்நகரில் பால மந்திரைத் தொடங்கினார். அவரோடு இணைந்த தாராபாய் மோடக், மாண்டிசோரி முறையின் விலையுயர்ந்த கருவிகளுக்கு மாற்றாகக் கூழாங்கல், விதை, களிமண் போன்ற எளிய பொருள்களைப் பயன்படுத்தும் வழியைத் தேடினார்.

மாண்டிசோரி அம்மையாரின் பெயர் நம் தமிழகத்தோடும் தொடர்புடையது. 1939-இல் அவர் சென்னை அடையாற்றில் பிரம்மஞான சபையாரின் அழைப்பின்பேரில் ஆசிரியர் பயிற்சி நடத்த வந்தார். மறு ஆண்டு இத்தாலி போரில் இறங்கவே, எதிரி நாட்டவர் என்னும் காரணத்தால் அவருடைய நடமாட்டம் கட்டுப்படுத்தப்பட்டது. போர்க்காலத்தின் ஒரு பகுதியை அவர் கொடைக்கானலில் கழித்தார். அவரிடம் பயிற்சி பெற்றோர் பலர் நகரங்களில் நல்ல பள்ளிகளை நடத்தினர். ஆனால் அவை பெரும்பாலும் கட்டணம் செலுத்த வல்லவர்க்கே எட்டின.

தாராபாய் மோடக் எதிர்த்திசையில் நடந்தார். 1945-இல் பம்பாய் மாகாணத்தின் போர்டி என்னும் சிற்றூரிலும், 1957 முதல் கோஸ்பாட் மலைப்பகுதியிலும் அவரும் அனுதாய் வாக் என்பாரும் பணியாற்றினர். அங்குள்ள பழங்குடிக் குழந்தைகள் பள்ளிக்கு வரவில்லை. ஆகவே பள்ளி அவர்களுடைய குடியிருப்பின் முற்றத்திற்குச் சென்றது. முற்றத்தில் நடந்ததால் அதற்கு 'அங்கன்வாடி' என்னும் பெயர் வந்தது. நாடெங்கும் அரசுப் பலகைகளில் இன்று காணும் இச்சொல், பிள்ளை வராவிடில் நாம் செல்லவேண்டும் என்ற ஒரு பெண்ணின் துணிபிலிருந்து பிறந்தது என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

அந்நிய ஆட்சியின் இறுதிக்காலத்தில், 1944-இல் வெளியான சார்ஜென்ட் அறிக்கை மூன்று முதல் ஆறு வயது வரையுள்ளோர்க்கு இலவசப் பாலர் கல்வி தேவை என்று முதன்முறையாகத் தேசிய அளவில் பரிந்துரைத்தது. பத்து லட்சம் இடங்களை ஏற்படுத்துவது அதன் குறிக்கோள். அறிக்கையின் முழுத் திட்டமும் நிறைவேற 40 ஆண்டுகள் குறிக்கப்பட்டிருந்தன. ஆட்சி மாறிற்று; பாலர் கல்விப் பரிந்துரை ஏட்டிலேயே தங்கிற்று.

4. விடுதலைக்குப் பின்: சட்டமும் மானியமும்

1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 45-ஆம் பிரிவு, பத்தாண்டுகளுக்குள் பதினான்கு வயது நிறையும் வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி அளிக்க அரசு முயலவேண்டும் என்றது. இதில் மேல் வயதெல்லை உண்டு. கீழ் வயதெல்லை இல்லை. அதாவது ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளை அவ்வாக்குறுதியிலிருந்து விலக்கப்படவில்லை. பிற்கால வாதங்களுக்கு இது முக்கியமானது.

நடைமுறையில் அரசு இரு வழிகளைக் கைக்கொண்டது. முதலாவது, பொறுப்பை வேலையளிப்போரிடம் விடுதல். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் வேலைசெய்யும் ஆலைகளில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. 1976-இல் இவ்வெண்ணிக்கை முப்பதாகக் குறைக்கப்பட்டது. 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டமும் இவ்வாறே விதித்தது. ஆனால் இச்சட்டங்களில் குழந்தையின் உரிமை தாயின் வேலைச்சீட்டில் தொங்கிற்று. வயற்கூலிப் பெண்ணுக்கும், செங்கற்சூளையிலும் கட்டட வேலையிலும் உழைத்தவளுக்கும் அவை எட்டவில்லை. பெண்களின் எண்ணிக்கையை ஐம்பதுக்குக் கீழே வைத்துக்கொண்டால் செலவு மிச்சம் என்று கணக்கிடும் முதலாளிக்கும் அவை இடங்கொடுத்தன.

இரண்டாவது வழி, தொண்டு நிறுவனங்களுக்கு மானியம் அளித்தல். 1953 ஆகஸ்டில் துர்காபாய் தேஷ்முக்கைத் தலைவராகக்கொண்டு மத்திய சமூக நல வாரியம் அமைக்கப்பட்டது. வாரியத்தின் உதவியோடு கிராமங்களில் பால்வாடிகள் தோன்றின. அரசு தன் ஊழியரை நியமிக்கவில்லை. ஏற்கெனவே இயங்கிய சங்கங்களின் தொண்டுணர்வைத் துணையாகக்கொண்டது. கிறிஸ்தவ நிறுவனங்களும் இவற்றுள் அடங்கும். செலவில் ஒரு பகுதியையே ஈடுசெய்யும் மானியத்தைக் கொண்டு பணியை நடத்தவேண்டியிருந்ததால், பால்வாடி ஆசிரியையின் ஊதியமே முதலில் குறைக்கப்படும் செலவாயிற்று. தமிழகத்தின் சிற்றூர்களில் அங்கன்வாடியை இன்றும் 'பால்வாடி' என்றே மக்கள் வழங்குவது அக்காலத்தின் எச்சமாகும்.

1964 முதல் 1966 வரை ஆராய்ந்த கோத்தாரி கல்விக் குழு, முன்பருவக் கல்வியின் சிறப்பை ஏற்றது. எனினும் இத்தகைய பள்ளிகளை நிறுவுவதைப் பெரும்பாலும் தனியார் முயற்சிக்கே விட்டு, பயிற்சி, ஆய்வு, வழிகாட்டுதல் ஆகியவற்றை அரசின் பங்காகக் கருதிற்று. எளிய நாடு, எழுத்தறிவே குறைவு, தொடக்கக் கல்விக்கே பணம் போதாது என்ற வாதம் வலிமையானதே. ஆனால் தனியாருக்கு விடப்பட்ட துறை இருவேறு பாதைகளில் பிரிவது தவிர்க்கவியலாதது. நகரத்தில் கட்டணம் பெறும் நர்சரிப் பள்ளிகள் வளர்ந்தன. கிராமத்தில் மானியத்தால் மூச்சுவிடும் பால்வாடிகள் நின்றன.

5. 1975: ஒரு திருப்பம்

மீனா சுவாமிநாதன் தலைமையிலான ஆய்வுக் குழு 1972-இல் அளித்த அறிக்கை, சிறு பிள்ளையின் உடல்நலம், உணவு, கல்வி ஆகியவற்றைத் தனித்தனியே பிரிக்கலாகாது என்று வற்புறுத்திற்று. 1974 ஆகஸ்டில் தேசியக் குழந்தைகள் கொள்கை அறிவிக்கப்பட்டது. நாடு நெருக்கடி நிலையில் இருந்த வேளையில், 1975 அக்டோபர் 2-ஆம் நாள் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 33 வட்டாரங்களில் தொடங்கிற்று. அவற்றுள் 18 கிராமப்புறம், 11 பழங்குடிப் பகுதி, 4 நகரப்புறம். ஏறத்தாழ ஆயிரம் மக்களுக்கு ஓர் அங்கன்வாடி. ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள், கருவுற்ற தாய்மார், பாலூட்டும் தாய்மார் ஆகியோர்க்கு இணையுணவு, தடுப்பூசி, மருத்துவச் சோதனை, மேல்சிகிச்சைக்குப் பரிந்துரை, உணவும் நலமும் பற்றிய கல்வி, முன்பருவக் கல்வி என ஆறு சேவைகள்.

இத்திட்டத்தின் நிதி ஏற்பாடு கவனிக்கத்தக்கது. உணவுச் செலவு மாநிலங்களுக்கும், ஏனைய செலவு மத்திய அரசுக்கும் எனப் பிரிக்கப்பட்டது. ஆகவே வறிய மாநிலத்தில் கட்டடமும் பணியாளரும் இருந்தும் உணவு இல்லாத மையங்கள் இருந்தன. 2005-2006 முதல் உணவுச் செலவில் பாதியை மத்திய அரசு ஏற்றது. 2009-இல் ஏனைய செலவுகள் 90-க்கு 10 என்னும் விகிதத்திலும், 2015-2016 முதல் பெரும்பான்மை மாநிலங்களில் 60-க்கு 40 என்னும் விகிதத்திலும் பகிரப்பட்டன. விகிதம் மாறுந்தோறும் மாநிலங்களின் சுமை கூடிற்று. குழந்தை பிறக்கும் மாநிலத்தைப் பொறுத்து அதன் பங்கு வேறுபடும் நிலை இன்னும் மாறவில்லை.

அங்கன்வாடியை நடத்தும் பெண்ணைத் திட்டம் 'ஊழியர்' என அழைத்தது. ஆனால் அவளுக்கு ஊதியம் வழங்கவில்லை, 'மதிப்பூதியம்' வழங்கிற்று. அவள் உள்ளூரைச் சேர்ந்தவள், சில மணிநேரம் தொண்டாற்றுபவள் என்பது அதன் அடிப்படை. ஓபர்லினின் பள்ளத்தாக்கில் அன்பினால் எழுந்த ஏற்பாடு, இங்கே நிதித்துறையின் வாய்பாடாயிற்று.

6. தமிழகத்தின் பங்கு

தமிழகம் இவ்வரலாற்றில் தனியிடம் பெறுகிறது. சென்னை மாநகராட்சி 1920-இல் ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் மதிய உணவளித்தது. 1956-இல் காமராசர் ஆட்சியில் அது மாநிலத் திட்டமாயிற்று. இவை பள்ளிப் பிள்ளைகளுக்கானவை. சிறு குழந்தைகளைப் பொறுத்தவரை 1980-களின் தொடக்கத்தில் இரு திட்டங்கள் ஒன்றையொன்று எதிர்நோக்கி நின்றன.

முதலாவது, 1980-இல் உலக வங்கியின் கடனுதவியோடு தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம். ஆறு மாதம் முதல் 36 மாதம் வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் எடைபார்த்து, எடை குன்றிய பிள்ளைக்கு மட்டும் 90 நாள் உணவளித்து, தேறியதும் நிறுத்திவிடுவது அதன் முறை. குறைந்த செலவில் மிகுந்த பயன் என்பது அதன் நியாயம். இரண்டாவது, 1982 ஜூலை முதல் நாள் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். திருச்சிராப்பள்ளி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் தொடங்கிவைத்த சத்துணவுத் திட்டம். இரண்டு வயது முதலான சிற்றூர்ப் பிள்ளைகளும், தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளும் நாள்தோறும் உண்டனர்; அதே செப்டம்பரில் நகரங்களுக்கும் அது விரிவாயிற்று. 1989-இல் கலைஞர் கருணாநிதி ஆட்சியில் முட்டையும் சேர்ந்தது.

முதல் திட்டம் பிள்ளையின் எடையைக் கேட்டது. இரண்டாவது, பிள்ளை வந்திருக்கிறதா என்று மட்டும் கேட்டது. மாநிலத்தின் நிதி தாங்குமா என அறிஞர் பலர் சத்துணவுத் திட்டத்தைக் குறைகூறினர். எடைபார்க்கும் முறையால் மூன்று வயதுக்குட்பட்டோரின் கடும் ஊட்டச்சத்துக் குறைவு தணிந்தது என்பதையும் மறுப்பதற்கில்லை; மூன்று வயதுக்கு முன்னரே மெலிவு தொடங்குகிறது என்ற அதன் பாடம் உண்மையானது. ஆயினும் மக்கள் மனத்தில் நிலைபெற்றது எல்லோர்க்குமான உணவே. எல்லோரும் ஒரே பந்தியில் அமர்ந்த இடத்தில் சாதி வேற்றுமையும் ஓரளவு தளர்ந்தது. எல்லோர்க்கும் உரியதாயிருந்தமையால் எந்த ஆட்சியும் அதை நிறுத்தத் துணியவில்லை.

சத்துணவு மையப் பணிகளில் விதவைகளுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் முன்னுரிமை அளிக்கப்பட்டது. இது ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு வாழ்வளித்தது. அதே வேளையில், இப்பணி பெண்ணுக்கு அரசு செய்யும் உதவி, ஆதலால் குறைந்த ஊதியம் போதும் என்னும் கருத்துக்கும் இடங்கொடுத்தது. பின்னர்த் தமிழக அரசு சிறப்புக் காலமுறை ஊதியம் வழங்கிப் பல மாநிலங்களைவிட முன்னே சென்றது. ஆயினும் முழுமையான அரசு ஊழியர் நிலை அவர்களுக்குக் கிட்டவில்லை.

7. உரிமையும் அதன் வரம்பும்

2001 ஏப்ரலில் மக்கள் சிவில் உரிமைக் கழகம், தானியக் கிடங்குகள் நிரம்பியிருக்க மக்கள் பட்டினி கிடப்பதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தை அணுகியது. அவ்வாண்டு நவம்பர் 28-ஆம் நாள் நீதிமன்றம், ஒவ்வொரு குடியிருப்பிலும் அங்கன்வாடி வேண்டும் என்றும், ஆறு வயதுக்குட்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் உணவு சேரவேண்டும் என்றும் ஆணையிட்டது. 2006 டிசம்பர் 13-ஆம் நாள் ஆணை இன்னும் தெளிவானது: 2008-ஆம் ஆண்டு இறுதிக்குள் 14 லட்சம் மையங்கள் இயங்கவேண்டும், 40 சிறு பிள்ளைகள் உள்ள குடியிருப்பு மையம் கேட்டால் மூன்று மாதத்திற்குள் தரவேண்டும். 2013-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் அங்கன்வாடி உணவைச் சட்டவுரிமையாக்கிற்று.

ஆனால் கல்வியில் நேர்ந்தது வேறு. 2002-இல் 86-ஆம் அரசியலமைப்புத் திருத்தம் ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ளோர்க்குக் கல்வியை அடிப்படை உரிமையாக்கிற்று. அதே திருத்தம் 45-ஆம் பிரிவை மாற்றி, ஆறு வயதுக்குட்பட்டோரின் பேணுதலுக்கும் கல்விக்கும் அரசு 'முயலவேண்டும்' என்ற அளவில் நிறுத்தியது. மூத்த பிள்ளை நீதிமன்றப் படியேறத்தக்க உரிமை பெற்றது. இளைய பிள்ளை வாக்குறுதி மட்டும் பெற்றது. 2009-ஆம் ஆண்டின் கல்வியுரிமைச் சட்டமும் மூன்று வயதுக்கு மேற்பட்டோரின் முன்பருவக் கல்விக்கு அரசு ஏற்பாடு 'செய்யலாம்' என்றே கூறிற்று. 1918-ஆம் ஆண்டு ஆங்கிலச் சட்டத்தின் அதே சொல்! 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை 2030-க்குள் அனைவர்க்கும் முன்பருவக் கல்வி என்ற இலக்கைக் குறித்தாலும், சட்டத்தின் சொல் திருத்தப்படவில்லை.

இடைவெளியைக் கட்டணப் பள்ளிகள் நிரப்பின. ஆங்கில வழி நர்சரி சிற்றூர்வரை பரவ, அங்கன்வாடி உணவுக்கான இடமாக மட்டும் மக்கள் கண்ணில் சுருங்கிற்று. இதை எதிர்கொள்ளத் தமிழக அரசு 2019 ஜனவரியில், அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களிலுள்ள 2,381 அங்கன்வாடிகளில் மழலையர் வகுப்புகளைத் தொடங்கிற்று. தமிழகத்தில் ஐம்பதாயிரத்திற்கு மேற்பட்ட மையங்கள் உள்ள நிலையில் இது சிறு தொடக்கமே.

8. ஊழியமும் ஊதியமும்

பதினான்கு லட்சம் மையங்கள் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறிய அதே 2006 டிசம்பரில், கர்நாடக அரசு தொடர்பான வேறொரு வழக்கில் அதே நீதிமன்றம், அங்கன்வாடிப் பணியாளர் அரசுப் பதவி வகிப்போர் அல்லர் என்று தீர்ப்பளித்தது. குழந்தைக்கு உரிமை உண்டு, அவ்வுரிமையைக் கையால் ஊட்டும் பெண்ணுக்குப் பதவியில்லை. ஒரே மாதத்தின் இவ்விரு தீர்மானங்களும் நம் சமுதாயத்தின் மனநிலையைத் துல்லியமாகக் காட்டுகின்றன.

மத்திய அரசின் மதிப்பூதியம் 2011-இல் பணியாளருக்கு மாதம் 3,000 ரூபாய், உதவியாளருக்கு 1,500 ரூபாய் என்றிருந்தது. 2018 அக்டோபரில் இது முறையே 4,500 ரூபாயாகவும் 2,250 ரூபாயாகவும் உயர்ந்தது. மாநிலங்கள் தத்தம் ஆற்றலுக்கேற்பக் கூடுதல் தொகை சேர்க்கின்றன. இதற்கிடையே பதிவேடுகள், கணக்கெடுப்பு, தேர்தல் பணி, கைப்பேசிப் பதிவுகள் எனப் பணிகள் பெருகின; 'சில மணிநேரத் தொண்டு' என்பது பெயரளவில் நின்றது. 2022 ஏப்ரல் 25-ஆம் நாள், குஜராத் மாநிலப் பணியாளர்கள் தொடர்ந்த வழக்கில், 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கன்வாடிப் பணியாளரும் உதவியாளரும் பணிக்கொடை பெற உரியவர் என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மதிப்பூதியம் என்று பெயரிட்டாலும் அது ஊதியமே என்பது அத்தீர்ப்பின் சாரம். திட்டம் தொடங்கி 47-ஆம் ஆண்டில் அச்சொல் நேராக்கப்பட்டது.

9. நம் சிந்தனைக்கு

சிறு பிள்ளைகளைக் குறித்துப் பேசும்போது நாம் வழக்கமாக மாற்கு 10-ஆம் அதிகாரத்தை நாடுகிறோம். பிள்ளைகளைக் கொண்டுவந்தோரைச் சீடர்கள் அதட்டினர், ஆண்டவரோ விசனமடைந்தார். அங்கே பிள்ளைகளின் தகுதி சோதிக்கப்படவில்லை. எல்லோர்க்குமான உணவு என்னும் கொள்கைக்கு அப்பகுதியில் ஆழ்ந்த ஆதாரம் உண்டு. ஆனால் நம் ஆய்வின் மற்றொரு பாதிக்கு யாத்திராகமம் 2-ஆம் அதிகாரமே வழிகாட்டுகிறது. நாணற்பெட்டியிலிருந்து எடுத்த பிள்ளையை வளர்க்க ஓர் எபிரெயப் பெண்ணை அழைத்தபோது, பார்வோனின் குமாரத்தி அவளுடைய அன்பை மட்டும் நம்பியிருக்கவில்லை. சம்பளம் தருவதாகச் சொன்னாள். அப்பெண் உண்மையில் அப்பிள்ளையின் தாய். கூலியின்றியும் அவள் பாலூட்டியிருப்பாள். ஆயினும் அரண்மனை கொடுத்த கூலி அத்தாயின் அன்பைக் கொச்சைப்படுத்தவில்லை. எபிரெயரை ஒடுக்கிய அரண்மனையிலிருந்தே இந்நியாயம் வெளிப்பட்டது எண்ணத்தக்கது. அறுத்தவர்களின் கூலியைப் பற்றி யாக்கோபு எழுதிய எச்சரிக்கையும் இதனோடு சேர்த்துப் படிக்கத்தக்கது.

'ஊழியம்' என்ற சொல்லை நாம் உயர்வாகப் போற்றுகிறோம். அச்சொல் பிறருடைய ஊதியத்தை மறுப்பதற்குக் கருவியாகும்போது அதன் தூய்மை கெடுகிறது. லூயிஸ் ஷெப்ளர் தம் கூலியைத் தாமே விட்டுக்கொடுத்தார். அவ்வுரிமை அவருக்கு மட்டுமே உரியது. ஒரு சபையோ அரசோ அவருக்காக அதை விட்டுக்கொடுக்க இயலாது.

இவ்வரலாற்றிலிருந்து திருச்சபைகள் முன் மூன்று பணிகள் நிற்கின்றன. முதலாவது, சபைகள் நடத்தும் மழலையர் பள்ளிகளிலும் காப்பகங்களிலும் பணியாற்றும் ஆசிரியைக்கும் ஆயாவுக்கும் எவ்வளவு வழங்கப்படுகிறது என்பதைச் செயற்குழுக்கள் வெளிப்படையாக ஆராயவேண்டும். இரண்டாவது, கட்டணம் செலுத்த வல்லோரின் பிள்ளைகளுக்கே இடமளிக்கும் பள்ளியின் மதிலுக்கு அருகில் ஓட்டைக் கூரையோடு அங்கன்வாடி இயங்குமாயின், அம்மையத்திற்கு நிழலும் நீரும் இடமும் தருவது அயலகத்தாரின் கடமை. மூன்றாவது, ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளையின் கல்வி 'செய்யலாம்' என்ற நிலையிலிருந்து 'செய்யவேண்டும்' என்ற நிலைக்கு மாறவேண்டும் என்ற கோரிக்கையில் சபைகளும் பொதுமக்களோடு நின்று குரல்கொடுக்கவேண்டும்.

பாலர் பள்ளியைத் தோற்றுவித்தோரில் போதகரும், போதகரின் மகனும், உதவிக்காரிகளும் இருந்தனர் என்பது நமக்குப் பெருமை தரலாம். ஆனால் அப்பணி பொதுக் கடமையாக மாறிவிட்ட இந்நாளில், ஒதுக்கப்படும் பணம் குழந்தையின் தட்டையும், அத்தட்டை ஏந்தி நிற்கும் பெண்ணின் வீட்டையும் சென்றடைகிறதா என்று விடாமல் கேட்பதே அப்பெருமைக்குத் தகுந்த தொடர்ச்சியாகும்.